பாய் நனைவது இரவில், வைத்தியம் பகலில்

எட்டு வயதுப் பிள்ளை ராத்திரியில் பாயை நனைக்கிறான் என்று யாராவது வந்து சொன்னால், ராத்திரியைப் பற்றி நான் முதலில் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தில் எவ்வளவு தண்ணீர் குடித்தான், அங்கே ஒருமுறையாவது ஒண்ணுக்குப் போனானா, வெளிக்குப் போய் எத்தனை நாளாயிற்று, சாயங்காலம் என்ன குடித்தான் என்றுதான் கேட்பேன். குழந்தைகள் வார்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ராத்திரியோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போன பெற்றோரையும், பகலைக் கவனித்து மெல்லக் கரையேறிய பெற்றோரையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

திருச்சி காந்தி மார்க்கெட்டில் வாழைத்தண்டு, வாழைப்பூ, இலைக்கட்டு வைத்து விற்கும் பெண் ஒருத்தி எனக்குப் பழக்கம். வரகனேரிப் பக்கம் லைன் வீட்டில் குடியிருக்கிறாள். சரக்கு எடுக்க விடியற்காலை மூன்று மணிக்கே மார்க்கெட்டுக்கு வந்துவிடுவாள். வீட்டுக்காரர் வெங்காய மண்டியில் மூட்டை இறக்குகிறவர். அவருக்கு வேலையே இரவில்தான். கூட்டம் குறைந்த ஒரு காலை நேரத்தில், "உட்காருங்க சிஸ்டர், டீ சொல்றேன்" என்று காலிச் சாக்கை மடித்துப் போட்டாள். டீ வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பெரியவன் மூணாங்கிளாஸ் சிஸ்டர். இன்னும் வாரத்துல நாலு நாள் பாய்லயே போயிடுறான். மிரட்டிப் பாத்தாச்சு, மந்திரிச்சுக் கயிறும் கட்டியாச்சு. முந்தாநாள் அவங்கப்பா அடிச்சே புட்டாரு. இப்ப என்ன பண்றான் தெரியுமா? நனைஞ்ச டவுசரை அரிசி மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வைக்கிறான்."

கையில் இருந்த டீ முடிந்து இன்னொரு டீயும் சொல்ல வேண்டியிருந்தது. அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். "எம் பேரைப் போடாம எழுதுங்க சிஸ்டர், நாலு வீட்டுக்கு உதவும்" என்றாள்.

முதலில் அந்த ஒளித்து வைத்த டவுசர். வேண்டுமென்றே செய்கிற பிள்ளை எதற்கு ஒளிக்கப்போகிறான்? அவனுக்கு அது அவமானமாக இருக்கிறது. காலையில் கண் விழித்ததும் கை தானாகப் பாயைத் தடவிப் பார்க்கிறது. ஈரம் பட்டதும் வயிற்றைப் பிசைகிறது. யார் எழுந்துவிட்டார்கள், யாருக்குத் தெரியும் என்று பார்க்கிறான். இந்தப் பிள்ளையைச் சோம்பேறி, கொழுப்பு, அலட்சியம் என்று சொல்வது உண்மைக்கு நேர் எதிரானது. தூக்கத்தில் நடப்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தால் எழுந்திருப்பான்.

அடுத்தது, அவன் தனி ஆள் இல்லை. ஐந்து வயதில் நூறு பிள்ளைகளில் சுமார் 15 பேர் இரவில் படுக்கையை நனைக்கிறார்கள். ஏழு வயதில் அது 10-ஐ ஒட்டி வரும். பத்து வயதில் 5 பேர், பதினைந்து வயதில் ஒன்றிரண்டு பேர். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் மூன்றாம் வகுப்பில் அவனைத் தவிர இன்னும் இரண்டு மூன்று பேர் இதே ரகசியத்தை வைத்துக்கொண்டிருப்பார்கள். ஆண் பிள்ளைகளிடம் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. எந்த வைத்தியமும் செய்யாவிட்டாலும் ஒவ்வொரு வருடமும் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தானாகவே நின்றுவிடுகிறது. ஐந்து வயதுக்குக் கீழே இதை ஒரு குறையாகவே மருத்துவம் கணக்கில் எடுப்பதில்லை.

"அப்ப விட்டுட்டா சரியாயிடுமா?" என்று கேட்டாள்.

பெரும்பாலும் சரியாகும். ஆனால் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை அவன் அத்தை வீட்டில் தங்க மாட்டான், பள்ளிச் சுற்றுலாவுக்கு வர மாட்டான், தம்பி தங்கை கேலிக்குப் பயந்தே கிடப்பான். அதனால் ஐந்து வயதுவரை பொறுக்கலாம். ஆறு ஏழு வயதாகி, பிள்ளையும் வருத்தப்படத் தொடங்கிவிட்டால் உதவி செய்ய வேண்டும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை அவளுக்கு அவள் மார்க்கெட்டை வைத்தே சொன்னேன். ராத்திரி மண்டிக்குச் சரக்கு வருகிறது. லாரி அளவாக வந்தால், குடோன் பெரிதாக இருந்தால், வாட்ச்மேன் விழித்திருந்தால் தெருவில் எதுவும் சிந்தாது. லாரி மேல் லாரி வந்து, குடோனும் சின்னதாக இருந்து, வாட்ச்மேனும் அடித்துப் போட்டதுபோல் தூங்கினால் சரக்கு தெருவுக்கு வந்துவிடும். பிள்ளையின் உடம்பிலும் இந்த மூன்றும்தான் காரணம்.

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி வாசோபிரெசின் என்ற ஹார்மோனை இரவில் கூடுதலாக விடும். அது சிறுநீரகத்துக்குப் போய், மூத்திரத்தைக் குறைவாக, கெட்டியாக உண்டாக்கச் சொல்லும். நாம் ஏழெட்டு மணி நேரம் எழாமல் தூங்க முடிவது அதனால்தான். சில பிள்ளைகளுக்கு இந்த இரவுச் சுரப்பு முதிரக் கொஞ்சம் காலம் எடுக்கும். அதுவரை ராத்திரியிலும் பகல் அளவுக்கே மூத்திரம் இறங்கிக்கொண்டிருக்கும். இது முதல் காரணம். மூத்திரப்பை கொள்ளும் அளவு குறைவாக இருப்பது, அல்லது நிறையும் முன்பே சுருங்கிவிடுவது இரண்டாவது. பை நிறைந்த சேதி போயும் மூளை விழிக்காமல் இருப்பது மூன்றாவது. பெரும்பாலான பிள்ளைகளிடம் இவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்தே இருக்கும். மூன்றில் எதுவும் மிரட்டினால் மாறக்கூடியது இல்லை.

"ஒங்க வீட்டுக்காரர் சின்ன வயசுல எப்படிம்மா?" என்று கேட்டேன்.

சற்று யோசித்துவிட்டு, "மாமியார் சொல்லியிருக்காங்க சிஸ்டர். அவரும் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் இப்படித்தானாம்" என்றாள். சொல்லி முடித்ததும் அவள் முகமே மாறிவிட்டது.

இது பரம்பரையில் வருவது. பெற்றோர் இருவருக்கும் இந்தப் பழக்கம் இருந்ததில்லை என்றால் பிள்ளைக்கு வர வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 15. ஒருவருக்கு இருந்திருந்தால் 44 வரை போகும். இருவருக்கும் இருந்திருந்தால் 77. டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் 1995-இல் சில குடும்பங்களை ஆராய்ந்து, 13-ஆவது குரோமோசோமின் ஒரு பகுதியோடு இதற்குத் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். எந்த உடம்பை அப்பன் தந்தானோ அந்த உடம்புக்காகவே பிள்ளை அப்பனிடம் அடி வாங்குகிறான். அவர் இதைத் தெரிந்துகொண்டால் ஓங்கிய கை இறங்கிவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

இனி செய்ய வேண்டியவை. இவற்றில் பெரும்பகுதி பகலில் செய்வது.

"தண்ணி குடிக்கவே விடுறதில்ல சிஸ்டர். ஆறு மணிக்கு மேல ஒரு மடக்குகூட கிடையாது" என்றாள். அதற்கு முன்னால் எவ்வளவு குடிக்கிறான் என்று கேட்டால், காலையில் கொண்டுபோகிற பாட்டில் பாதி அப்படியே திரும்பி வருகிறது. ஏன்? பள்ளிக்கூடக் கழிவறைக்குப் போகப் பிடிக்கவில்லை. நாற்றம், தாழ்ப்பாள் இல்லை, இடைவேளையில் பெரிய பையன்கள் கூட்டம். ஒண்ணுக்குப் போக வேண்டாம் என்று தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுகிறான். பெண் பிள்ளைகளிடம் இது இன்னும் அதிகம். ஸ்ரீரங்கத்தில் ஸ்டோர் வீட்டில் குடியிருந்த ஒரு பத்து வயதுப் பெண் காலை எட்டிலிருந்து மாலை நாலரை வரை அடக்கிக்கொண்டே இருப்பாள். நாள் முழுக்க அடக்குகிற பை சீராக நிறைந்து சீராகக் காலியாகப் பழகுவதில்லை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் பகல் தாகத்தையெல்லாம் சேர்த்துச் சொம்பு சொம்பாகக் குடிக்கிறார்கள். அது இரவில் இறங்குகிறது.

அதனால் தண்ணீரைக் குறைக்காதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல், ஒன்றரை லிட்டர் வரை வேண்டும். திருச்சி வெயிலுக்கு இன்னும் கூட. அதைப் பத்துப் பங்காக்கினால் நாலு பங்கு காலையிலிருந்து மதியத்துக்குள், நாலு பங்கு மதியத்திலிருந்து மாலை ஐந்து மணிக்குள், மீதி இரண்டு பங்கு மட்டும் அதற்குப் பிறகு. தாகம் எடுத்தால் ராத்திரியிலும் ஒரு மடக்கு தரலாம். பிள்ளையைத் தாகத்தோடு படுக்கப் போடுவது தண்டனைதான், வைத்தியம் இல்லை. ஒண்ணுக்கு இரண்டரை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளைக்கு ஆறேழு தடவை போக வேண்டும். கேரளப் பள்ளிகளில் 2019-இல் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கத் தொடங்கினார்கள். அந்த 'வாட்டர் பெல்' பிறகு மற்ற மாநிலங்களுக்கும் வந்தது. உங்கள் பள்ளியில் மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும் வகுப்பு டீச்சரைத் தனியாகப் பார்த்து, "இவன் கேட்டால் மட்டும் உடனே வெளியே விடுங்க டீச்சர்" என்று சொல்லி வையுங்கள். காரணத்தை வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பை எவ்வளவு கொள்கிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளையின் வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்குங்கள். எட்டு வயது என்றால் 270 மில்லி. அந்த வயதுக்கு எதிர்பார்க்கும் அளவு அது. லீவு நாளில், நன்றாக முட்டும்போது, அளவுக் கோடு போட்ட பழைய பாட்டிலில் போகச் சொல்லிப் பாருங்கள். இரண்டு மூன்று தடவை பார்த்து அதிக அளவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 270-க்கு மிகவும் கீழே இருந்தால் டாக்டரிடம் அந்தக் கணக்கைக் காட்டுங்கள். நீங்கள் வாயால் சொல்வதைவிட அது அவருக்கு நிறையச் சொல்லும்.

பலரும் யோசிக்காத காரணம் மலச்சிக்கல். மலக்குடல் மூத்திரப்பைக்குப் பின்னாலேயே இருக்கிறது. நாள்கணக்கில் தேங்கிய மலம் அதைப் பிதுக்கும்போது பை விரிய இடம் இருக்காது. சும்மா சும்மா சுருங்கும். "அதெல்லாம் தினம் போறான் சிஸ்டர்" என்று தாய்மார் சொல்வார்கள். தினமும் போகிற பிள்ளைக்கும் உள்ளே தேங்கியிருக்கலாம். கெட்டியாக, உருண்டை உருண்டையாகப் போகிறானா, முக்குகிறானா, டவுசரில் கறை படிகிறதா என்று பாருங்கள். இதைச் சரி செய்ததுமே சில பிள்ளைகளுக்கு இரவு நனைவதும் நின்றுவிடுகிறது.

"வாழைத்தண்டை ஊருக்கெல்லாம் விக்கிறே, வீட்ல எப்ப சமைச்சே?" என்று கேட்டேன். சரக்கை ஏறக்கட்டி வீட்டுக்குப் போனால் அடுப்பில் நிற்கத் தெம்பில்லை. பிள்ளைகளுக்குப் பரோட்டாவும் பிஸ்கட்டும்தான் என்றாள். அது அவள் தப்பு இல்லை. வாரத்தில் இரண்டு நாள் தண்டுப் பொரியல், இரண்டு நாள் கீரை, தினம் ஒரு கொய்யா அல்லது பூவன்பழம் என்று தொடங்கினால் போதும். காலையில் சாப்பிட்ட பிறகு குடலுக்கு இயல்பாகவே ஒரு உந்துதல் வரும். அந்த நேரத்தில் பத்து நிமிடம் நிதானமாக உட்காரட்டும். பள்ளி வேன் ஹாரன் அடிக்கிற நேரத்தில் எந்தப் பிள்ளைக்கும் வராது. கால் மணி நேரம் முன்னதாக எழுப்புங்கள். நாள்பட்ட சிக்கலுக்குச் சாப்பாடு மட்டும் போதாது. மலம் இளக டாக்டர் தரும் மருந்தைச் சில வாரம், சில மாதம் தொடர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

கீரிப்பூச்சியும் ஒரு காரணமாக இருக்கலாம். ராத்திரியில் ஆசனவாயில் அரிப்பு, தூக்கத்தில் புரள்வது இருந்தால் சந்தேகப்படுங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையைத் தவறாமல் போடச் சொல்லுங்கள்.

இனி சாயங்காலம். பள்ளி விட்டு நேராக மார்க்கெட்டுக்கு வருகிற அவள் பையனுக்குப் பன்னும் டீயும்தான் பலகாரம். டீ, காபி, கோலா மூன்றிலும் உள்ள கஃபீன் மூத்திரத்தையும் கூட்டும், பையையும் உசுப்பும். இவனுக்கு டீயை நிறுத்திவிட்டு அதே பன்னோடு பால் கொடு, அதுவும் ஐந்து மணிக்குள் என்றேன். ராத்திரிச் சாப்பாடு பத்து மணிக்கு ரசமும் மோருமாக இருந்தால் அத்தனையும் தண்ணீர்தான். கோடையில் இரவு தர்பூசணி வெட்டுகிற வீடுகளும் உண்டு. அதை மாலை நாலு மணிக்கு வெட்டினால் போயிற்று. உப்பு தூக்கலான மிக்சர், சிப்ஸ், ஊறுகாயை ராத்திரியில் தவிருங்கள். தின்ற உப்பை வெளியே தள்ள சிறுநீரகம் தண்ணீரையும் சேர்த்துத்தான் தள்ளும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் ஒன்றரை இரண்டு மணி நேரம் இருந்தால் நல்லது. படுக்கும் முன் ஒரு தடவை ஒண்ணுக்கு, பிறகு பல் விளக்கி, கதை கேட்டு, மறுபடி ஒரு தடவை.

கழிவறை வீட்டுக்கு வெளியே இருக்கிற லைன் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. முட்டுகிறது என்று தெரிந்தும் இருட்டுக்கும் நாய்க்கும் பயந்து படுத்தே கிடப்பான். அந்தப் பிள்ளைக்கு வாசலில் ஒரு சின்ன பல்பும், உள்ளேயே ஒரு மூலையில் மூடி போட்ட வாளியும் வைத்தால் பாதி பயம் தீரும்.

படுக்கைக்கு ஒரு வழி சொன்னேன். கீழே பிளாஸ்டிக் ஷீட், மேலே விரிப்பு, அதற்கு மேல் இன்னொரு பிளாஸ்டிக் ஷீட், இன்னொரு விரிப்பு. ராத்திரி நனைந்தால் மேல் இரண்டை உருவிப் போட்டுவிட்டு உலர்ந்த விரிப்பிலேயே தூங்கலாம். தூக்கமும் கெடாது, சண்டையும் வராது. காலையில் நனைந்ததை எடுத்துப்போய் ஊற வைப்பதில் அவனும் கை கொடுக்கட்டும். அது வீட்டு வேலையாக இருக்க வேண்டும், தண்டனையாக ஆகிவிடக் கூடாது. காயப் போடுவதைத் தெரு பார்க்கிற கைப்பிடிச் சுவரில் போடாதீர்கள். ஒரு பிள்ளையின் மானம் அந்தச் சுவரில் தொங்குகிறது.

"நடு ராத்திரியில தூக்கிட்டுப் போய் விட்டா?" என்றாள். அன்றைக்குப் பாய் தப்பும். ஆனால் அரைத் தூக்கத்தில் போய்விட்டு வருகிற பிள்ளை விழிக்கக் கற்றுக்கொள்வதில்லை. உங்கள் வசதிக்காகச் செய்யலாம், வைத்தியம் என்று நினைத்துச் செய்ய வேண்டாம்.

சுவரில் மாட்டிய தினசரி காலண்டர் தாளிலேயே குறித்து வையுங்கள்: நனைந்ததா, உலர்ந்ததா, எப்போது வெளிக்குப் போனான். பரிசு கொடுப்பதாக இருந்தால் உலர்ந்த இரவுக்குக் கொடுக்காதீர்கள். அது அவன் கையில் இல்லை. நேரத்துக்குத் தண்ணீர் குடித்ததற்கு, படுக்கும் முன் தானாகப் போய் வந்ததற்குக் கொடுங்கள்.

இவ்வளவும் சில வாரம் செய்தும் மாறவில்லை என்றால் அடுத்த படி அலாரம். 1904-இல் ஃபவுண்ட்லர் என்ற குழந்தை மருத்துவர், வார்டில் எந்தக் குழந்தை நனைத்தது என்று நர்ஸுகளுக்குத் தெரியட்டும் என்று ஈரம் பட்டால் மணி அடிக்கும் கருவி ஒன்றைப் படுக்கையில் வைத்தார். துணி மாற்ற வசதியாக வைத்த கருவி, பிள்ளைகள் நனைப்பதையே குறைத்துவிட்டதை அவர் கவனித்தார். 1938-இல் அமெரிக்காவில் மௌரர் தம்பதி இதை முறையான சிகிச்சையாக்கி, 30 குழந்தைகளிடம் பயன்படுத்தி எழுதினார்கள். இன்றுவரை நீடித்த பலன் தருவதில் இதற்கு மிஞ்சியது இல்லை. ஒழுங்காகப் பயன்படுத்துகிற மூன்று பிள்ளைகளில் சுமார் இரண்டு பேருக்குக் கேட்கிறது.

இப்போது வருவது சின்னக் கருவி. உள்ளாடையில் ஒரு உணரியும் தோளில் ஒரு மணியும். முதல் சொட்டிலேயே அடிக்கும். முதல் சில வாரம் மணிக்கு வீடே எழுந்துவிடும், அவன் மட்டும் எழ மாட்டான். பக்கத்தில் படுத்திருக்கிற பெரியவர் அவனை முழுசாக எழுப்ப வேண்டும். மணியை அவனே நிறுத்தி, அவனே நடந்து போய், மிச்சத்தைப் போய்விட்டு, துணி மாற்றி, கருவியை மறுபடி மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும். தொடர்ந்து பதினான்கு இரவு உலர்ந்திருக்கும்வரை விடக் கூடாது. இரண்டு மூன்று மாதம் ஆகலாம். பெற்றோர் பொறுமைதான் இதில் மருந்து. இரவு வேலைக்குப் போகிற வீட்டில் யார் எழுப்புவது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டுதான் தொடங்க வேண்டும். இவள் வீட்டில் மாமியார் இருக்கிறார்.

அலாரத்துக்கு வழியில்லை, அல்லது உறவுக்காரர் கல்யாணம், முகாம் என்று சில நாளுக்கு மட்டும் உடனடிப் பலன் வேண்டும் என்றால் டெஸ்மோபிரெசின் என்ற மாத்திரை உண்டு. குறைவாகச் சுரக்கும் வாசோபிரெசினின் வேலையை அது செய்யும். நிறுத்தினால் பல பிள்ளைகளுக்குப் பழையபடி வந்துவிடும். இதில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. மாத்திரை போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து எட்டு மணி நேரம் பின்புவரை தண்ணீரோ பாலோ குடிக்கக் கூடாது. மாத்திரை விழுங்க ஒரு மடக்கு மட்டும். மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வாந்தி, தலைவலி, வலிப்புவரை போகலாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ள நாளில் நிறுத்திவிட வேண்டும். டாக்டர் எழுதித் தராமல், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தந்தது என்று வாங்கிப் போடாதீர்கள். இமிப்ரமின் என்ற பழைய மாத்திரையையும் சிலருக்குத் தருவார்கள். அது அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும். வீட்டில் இருந்தால் சின்னப் பிள்ளை கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

எப்போது தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்? ஆறு மாதத்துக்கு மேல் உலர்ந்திருந்த பிள்ளை திடீரென மறுபடி நனைத்தால். அதோடு தாகமும் பசியும் கூடி, உடம்பு இளைத்தால் அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு வரும் நீரிழிவின் முதல் அறிகுறி இதுவாக இருக்கலாம். எரிச்சல், காய்ச்சல், மூத்திரத்தில் ரத்தம் இருந்தால். பகலிலும் நனைந்தால், அல்லது பெண் பிள்ளைக்கு எந்நேரமும் சொட்டிக்கொண்டே இருந்தால். நடை மாறினால், முதுகின் அடியில் குழியோ முடிக் கற்றையோ இருந்தால். சத்தமாகக் குறட்டை விட்டு, வாயைத் திறந்து தூங்கினால்; அடினாய்டு, டான்சில் வீக்கத்தைச் சரி செய்ததும் பாய் நனைவது நின்ற பிள்ளைகள் உண்டு. இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. மூத்திரப் பரிசோதனை ஒன்றே பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடும். புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காட்டலாம். ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்கள் அங்குள்ள அரசு மருத்துவமனையிலிருந்தே தொடங்கலாம். முதலில் போனில் கேட்டுத் தெரிந்துகொள்ள 104 இருக்கிறது.

திடீரென்று தொடங்குவதற்கு மனக் காரணமும் இருக்கலாம். வீட்டில் புதுக் குழந்தை, ஒரு சாவு, ஹாஸ்டல், வகுப்பில் அடிக்கிற பையன். குறிப்பிட்ட ஒரு ஆளைக் கண்டு மிரள்கிறான் என்றால் அதை லேசாக விடாதீர்கள். பக்குவமாக விசாரியுங்கள், வேண்டுமானால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

ஹாஸ்டல் என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். பீகாரின் மோதிஹாரியில் 1903-இல் பிறந்தவர் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல். 1911-இல், எட்டு வயதில், இங்கிலாந்தில் செயின்ட் சிப்ரியன்ஸ் என்ற விடுதிப் பள்ளியில் விட்டார்கள். வீட்டில் எப்போதோ நின்றுபோன பழக்கம் அங்கே போனதும் திரும்பிவிட்டது. தலைமை ஆசிரியர் அடித்தார். பல பத்தாண்டுகள் கழித்து ஆர்வெல் அதைக் கட்டுரையாக எழுதினார். அவர் இறந்த பிறகு 1952-இல் அது வெளிவந்தது. அடிகளுக்குப் பிறகு நனைவது நின்றது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் தன் கையில் இல்லாத ஒன்றுக்காகவும் ஒருவன் குற்றவாளி ஆகலாம் என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டதாகவும், அதற்குக் கொடுத்த விலை பெரிது என்றும் எழுதினார். அடித்தால் நிற்குமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதிலும் இதுதான். ஒரு பிள்ளைக்கு நிற்கலாம். உள்ளே எது உடைந்தது என்று நமக்குத் தெரியாது.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. பயமில்லாத படிப்பு வேண்டும் என்று தாகூர் 1901-இல் பள்ளி தொடங்கிய சாந்திநிகேதனில், 2012 ஜூலையில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விடுதிப் படுக்கையை நனைத்ததற்காக அவளுடைய சிறுநீரையே நக்க வைத்தார்கள் என்று புகார் எழுந்து, விடுதிக் காப்பாளர் கைதானார். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்துவிட்டது. பிள்ளையை ஹாஸ்டலில் விடுகிறவர்கள் வார்டனிடம் இதை முன்கூட்டியே சொல்லி, மாற்று விரிப்பும் பிளாஸ்டிக் ஷீட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர் முகம் சுளித்தால் வேறு ஹாஸ்டல் பாருங்கள்.

"எதுல ஆரம்பிக்கிறது சிஸ்டர்?" என்றாள். இந்த வாரம் நாலே காரியம் செய்யச் சொன்னேன். அடி நிற்க வேண்டும். காலைத் தண்ணீர் பாட்டில் காலியாகித் திரும்ப வேண்டும். சாயங்கால டீ நிற்க வேண்டும். வெளிக்குப் போவதைக் கவனிக்க வேண்டும். ஒரு மாதம் காலண்டரில் குறித்து, மாற்றம் இல்லை என்றால் அந்தத் தாள்களோடு புத்தூர்.

அதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது. அதை அவள் செய்ய முடியாது, வீட்டுக்காரர்தான் செய்ய வேண்டும். வேலைக்குக் கிளம்பும் முன் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "எனக்கும் இப்படித்தாண்டா இருந்துச்சு. அஞ்சாங்கிளாஸ்ல நின்னுபோச்சு. உனக்கும் நிக்கும். இனிமே ஒளிச்சு வைக்காதே, நான் திட்ட மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். அடித்த கை அவருடையது என்பதால், அந்த வார்த்தையும் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.